நாற்பது நாள் கழிந்த பிறகு

எங்கள் சந்துப் பெண்களுக்கான பொதுக் கழிப்பிடத்தில் எட்டு அறைகள் உண்டு. பம்பாய்த் தமிழில் அதற்குச் சண்டாஸ் என்று பெயர். எட்டில் ஐந்துக்குக் கதவு ஒழுங்காகத் தாழிடும். ஒன்றில் கதவு மூடும், ஆனால் தாழ் கிடையாது. உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை இருமிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற இரண்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கல்யாணமாகி மாட்டுங்கா லேபர் கேம்புக்கு வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடமாகக் காலை ஐந்தே முக்காலுக்கு நான் அங்கே வரிசையில் நிற்கிறேன்.

முனிசிபல் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், நிரந்தர வேலை, இன்னும் ஏன் இந்த வரிசை என்று கேட்பவர்கள் உண்டு. பாண்டுப்பில் எங்களுக்கு ஒரு ஃப்ளாட் இருக்கிறது. காகிதத்தில் அது ஏழாவது மாடி. கட்டடம் இப்போது நான்காவது மாடியில் நிற்கிறது. ஐந்து வருடமாக அங்கேயேதான் நிற்கிறது.

வரிசைக்குச் சட்டங்கள் உண்டு. யாரும் எழுதி ஒட்டவில்லை, மீறினால் தெரிந்துகொள்ளலாம். கழுவத் தண்ணீர் கொண்டுவந்த டப்பாவை வைத்துவிட்டு வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கப் போகலாம். டப்பா நிற்கும்வரை ஆளும் நிற்கிறாள் என்றே அர்த்தம். ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு வழி விட வேண்டும். வயிறு தெரிய ஆரம்பித்த கர்ப்பிணி முன்னால் போகலாம். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள்வரை முன்னால் போகலாம். நாற்பத்தோராம் நாள் அவள் எல்லாரையும் போல. பிறந்த குழந்தையின் பெயர் தெரியாதவர்களுக்கும் அதன் நாற்பதாம் நாள் தெரியும்.

இந்தச் சட்டங்களைக் காப்பாற்றும் பொறுப்பை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை. நானாகவே எடுத்துக்கொண்டேன். ஏழு மணிக்கு டியூட்டி, வாய் கொஞ்சம் நீளம், அந்த வரிசையில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள். வேறென்ன தகுதி வேண்டும்.

பிள்ளையின் தலை வெளியே வரும்போது தாயின் சதை கிழிவது எங்கும் நடப்பதுதான். தோலோடு நின்றால் முதல் டிகிரி. உள்ளே சதைவரை போனால் இரண்டாம் டிகிரி, அதை நாங்களே தைத்துவிடுவோம். ஆசனவாயைச் சுற்றி மலத்தைப் பிடித்து வைக்க ஒரு தசை வளையம் போல இருக்கிறது. அது அறுந்தால் மூன்றாம் டிகிரி. அதையும் தாண்டிக் குடலின் உள்தோல்வரை போனால் நான்காவது. மூன்றும் நான்கும் டாக்டர் கைக்குப் போக வேண்டியவை. ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து, நல்ல வெளிச்சம் எல்லாம் வேண்டும்.

எப்படிக் கிழியாமல் பார்த்துக்கொள்வது என்பதில் எங்கள் டீ அறையில் ஆளுக்கொரு கட்சி. இன்சார்ஜ் சிஸ்டர் மராட்டிக்காரர், முப்பது வருட சர்வீஸ். அவர் கத்தரிக்கோல் கட்சி. "நாம் வெட்டாவிட்டால் அது தானாகக் கிழியும். எங்கே போய் நிற்கட்டும் என்று உன்னைக் கேட்டுக்கொண்டா கிழியும்?" என்பார். கேரளத்து சிஸ்டர் வெந்நீர்த் துணிக் கட்சி. சூடான துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முக்காதே, மூச்சு விடு, முக்காதே என்று கெஞ்சிக்கொண்டே இருப்பார். பக்கத்துக் கட்டிலில் ஆயாக்கள் "ஜோர் லகாவ்" என்று கத்துகிற கத்தலில், முக்கு முக்கு என்பது மட்டும்தான் எல்லாப் பெண்களுக்கும் கேட்கும். நான் கைக் கட்சி. ஒரு கையால் தலையைப் பைய வரவிட்டு மறுகையால் கீழே தாங்குவது. என் கையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

எந்தக் கட்சியாக இருந்தாலும் மூன்றாம் டிகிரி வந்தால் கேள்வி ஒன்றுதான்: அன்று யார் டியூட்டி? பிள்ளை பெரியதா, அவசரமாக வந்ததா என்றெல்லாம் பிறகு வரும், அல்லது வராது. யார் கை என்பதுதான் முதலில். விளக்கம் எழுதித் தர வேண்டும். ஒரு வாரத்துக்கு டீ அறையில் நாம் நுழைந்ததும் பேச்சு நிற்கும். அதனாலோ என்னவோ எங்கள் ரிஜிஸ்டரில் மூன்றாம் டிகிரி மிக அபூர்வம். இரண்டாம் டிகிரி மட்டும் நிறைய.

தையலும் நன்றாகப் போடுவேன். லேபர் கேம்பில் என்னைத் தையல் சிஸ்டர் என்பார்கள். டெய்லர்கள் நிறைந்த இடத்தில் அந்தப் பெயர் வாங்குவது லேசான காரியமில்லை.

எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். வயது இருபத்து மூன்று. திசையன்விளைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவனுக்குத் தாராவியில் பை தைக்கும் பட்டறையில் வேலை. கர்ப்பமாகும்வரை இவளும் அங்கேயே ஜிப் வைத்துத் தைத்தாள். வீட்டில் மாமியாரும் உண்டு. முதல் பிரசவத்துக்கு ஊருக்குப் போகாமல் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெயர் பதிந்தாள். நான் இருக்கிறேன் என்பதுதான் காரணம்.

பிள்ளை பிறந்து நாற்பது நாள் அவள் வரிசையில் முன்னால் போனாள். சரி. ஐம்பதாம் நாளும் போனாள். வரிசை முணுமுணுத்தது. மூன்றாம் மாதமும் அப்படித்தான். "கொஞ்சம் விடுங்கக்கா, கொஞ்சம் விடுங்கக்கா" என்று டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் ஓடுவாள். சில நாள் விட்டார்கள், சில நாள் திட்டினார்கள். ஊர்த் திமிர் என்றார்கள். அவள் பதில் பேசியதில்லை.

ஏழாம் மாதத்தில் ஒரு காலை. எனக்கு முன்னால் ஒன்பது பேர். தண்ணீர் வேறு வரவில்லை. டியூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் வந்தாள், வழக்கம்போல என்னைத் தாண்டினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏட்டி, நாப்பது நாளு முடிஞ்சு ஆறு மாசம் ஆயிட்டு. நீ இன்னும் பெத்துக்கிட்டேதான் இருக்கியா?"

வரிசை முழுதும் சிரித்தது. நல்ல சிரிப்பு. தாழில்லாத அறைக்குள் இருமிக்கொண்டிருந்தவள்கூடச் சிரித்தாள். எனக்கும் என் வாய் மேல் பெருமையாகத்தான் இருந்தது.

"இல்லக்கா, வயிறு…" என்றாள்.

"எல்லாருக்கும்தான் வயிறு இருக்கு. போய் லைன்ல நில்லு."

அவள் கடைசியில் போய் நின்றாள். இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கமாகத் திரும்பி நடந்தாள். கால்களைச் சேர்த்து, சின்னச் சின்ன அடி. குழாயடியில் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் நைட்டியின் பின்பக்கத்தை நான் பார்த்தேன். மற்றவர்கள் பார்த்தார்களா தெரியாது. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

நர்ஸ் என்பதால் பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது என்று எழுத ஆசைதான். புரியவில்லை. பேதி என்று நினைத்தேன். டியூட்டி முடிந்து வரும்போது ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எடுத்துவந்து அவள் வீட்டில் கொடுத்தேன். காலையில் பேசியதற்கு அது என் மன்னிப்பு. அவள் வாங்கிக்கொண்டு, "சரிக்கா" என்று உள்ளே போய்விட்டாள்.

வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார்தான் பேசினார். "இது என்ன இன்னைக்கு நேத்தா? பிள்ள பெத்த நாள்ல இருந்து இப்படித்தான். அடக்கத் தெரியல. பிள்ள பெத்தா எல்லாத்துக்கும் அப்படித்தான் இருக்கும், அடக்கிப் பழகணும்னு சொல்லுதேன், கேக்க மாட்டேங்கா. வேலைக்கும் போறதில்ல. சர்ச்சுக்கும் வாரதில்ல. ரெண்டு மணி நேரம் கர்த்தர் முன்னால உக்கார வலிக்கு."

அங்கிருந்து என் வீடு நான்கு வாசல். மூன்றாவது வாசலில் எனக்குப் புரிந்தது. அப்படியே நின்றுவிட்டேன். அந்த வீட்டுக்காரி, என்ன சிஸ்டர் வேணும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

மறுநாள் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், தேட வேண்டியதில்லை. இரண்டாம் டிகிரி கிழிசல், தைக்கப்பட்டது. ஆண் குழந்தை, மூன்று கிலோ எண்ணூறு. தாய் நலம்.

அந்த மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டில் எல்லாம் நிறைந்திருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க இருக்கியல்லா, எனக்கு அது போதும்" என்றாள். இவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு நின்றேன். தலை தெரிந்ததும் நிறுத்து என்றேன். ஆயாக்கள் ஜோர் லகாவ் என்றார்கள். சத்தமாகச் சொன்னவர்கள் பேச்சை அவள் கேட்டாள். பிள்ளை ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஒரே தள்ளில் வெளியே வந்தான். என் கை அங்கேதான் இருந்தது. இருந்தும் பயனில்லை.

டியூட்டி டாக்டர் கதவருகே வந்து, நான் தைக்கட்டுமா என்று கேட்டார். "வேண்டாம் டாக்டர், நம்ம ஆள்" என்றேன். சின்ன டாக்டர்கள் அவசரத்தில் தைப்பார்கள். இவளுக்கு என் கையால் நல்ல தையலாகப் போட வேண்டும் என்று ஆசை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மரத்துப்போக ஊசி போட்டேன். அழகாகத் தைத்தேன்.

தைப்பதற்கு முன்னால் ஒரு முறையும் தைத்து முடித்த பிறகு ஒரு முறையும் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தசை வளையம் முழுதாக இருக்கிறதா என்று விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. தும்முகிற நேரம்தான் ஆகும். அன்று காலையில் மட்டும் மூன்று பேருக்குப் பார்த்திருந்தேன். ஒருத்தி பீகார், ஒருத்தி சோலாப்பூர், இன்னொருத்தி எந்த ஊரோ. அவர்கள் முகம்கூட எனக்கு நினைவில்லை. மூன்று பேரும் நன்றாக இருப்பார்கள்.

இவளுக்குப் பார்க்கவில்லை. இவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நைட்டியைக் கீழே இழுத்தபடி, "போதும்க்கா, கூச்சமா இருக்கு" என்றாள். எனக்கும் கூச்சமாக இருந்தது. நாற்பது நாளோ ஐம்பது நாளோ போனால் இவளும் நானும் கையில் டப்பாவோடு முன்னும் பின்னுமாக நிற்கப்போகிறோம். இன்றைக்கு அங்கே விரலை விட்டால் அன்றைக்கு இவள் என் முகத்தில் எப்படி முழிப்பாள், நான் எப்படி முழிப்பேன் என்று நினைத்தேன். யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் பார்த்திருப்பேன். தெரிந்தவள் என்பதால் சலுகை கொடுத்தேன்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். டீ அறையில் வேறு யாரும் இல்லை. அவர் பிஸ்கட்டை டீயில் முக்கிச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"எல்லாருக்கும் ஒன்று இருக்கும்" என்றார் இந்தியில். "ஒன்றுக்கு மேலேயும் இருக்கும்."

"உங்களுக்குமா?"

"நான் கல்யாணிலிருந்து ட்ரெயினில் வருகிறேன். நான் விட்டுவிட்டவர்கள் யாரும் என் வரிசையில் நிற்பதில்லை. உன்னுடையவள் நிற்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் ஆறுதலுக்காகச் சொன்னாரா தெரியவில்லை. என் சர்வீஸ் முழுக்க நான் எழுதிய ரிஜிஸ்டர்கள் அலமாரியில் அடுக்கியிருந்தன. எழுந்து போகும்போது அவர், "அவளிடம் சொல்லப்போகிறாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எழுத்தில் கொடுக்காதே" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு நான் எழுதித் தருகிறேன்" என்றார். கத்தரிக்கோல் கட்சி மேல் எனக்கு அன்றுதான் முதன்முறையாக மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மாமியார் சர்ச்சுக்குப் போன நேரமாகப் பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். கணவன் பட்டறையில், அவசர ஆர்டர் வந்தால் அவர்களுக்கு ஞாயிறு கிடையாது. வீட்டுக்குள் ஊதுபத்தி மூன்று எரிந்துகொண்டிருந்தது. பிள்ளை தரையில் தவழ்ந்தான், நல்ல உருண்டை. மூலையில் பழைய புடவைத் துணிகளைக் கிழித்து மடித்து அடுக்கி வைத்திருந்தாள். குழந்தைக்கு என்று நினைக்கலாம். குழந்தைக்கு அவ்வளவு தேவையில்லை.

வழியில் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஐந்தாவது விதமாக வந்தது.

"இது வயித்துக் கோளாறு இல்ல. பிள்ள பொறந்தப்ப உனக்கு உள்ள ஒரு தசை அறுந்திருக்கு. அத நான் அன்னைக்கே பாத்திருக்கணும். பாக்காம மேல தச்சு விட்டுட்டேன்."

அவள் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எதுக்கு பாக்கல?"

"கூச்சம்" என்றேன்.

"எனக்கா?"

"எனக்கும்தான்."

"நர்ஸுக்கு என்னக்கா கூச்சம்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அடித்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

பிறகு அவளே பேசினாள். "ஆறு மாசமா நான் சாயங்காலத்துக்குப் பொறவு ஒண்ணும் சாப்பிடுறதில்ல, தெரியுமா? காலைல லைன்ல நிக்கணுமேன்னு. இவன் பாலுக்கு அழுவான். பால் எங்க இருந்து வரும்?" பிள்ளையின் தலையைத் தடவினாள். "இது சரியாவுமா?"

"ஆபரேஷன் பண்ணினா பெரும்பாலும் சரியாவும். முழுசா ஆவும்னு நான் சொல்ல மாட்டேன். நான் கூட வாரேன்."

"அத்தகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா வேல செய்யாததுக்குச் சாக்குன்னு சொல்லுவாவ."

"சொல்லுதேன்."

"லைன்லயும் சொல்லுங்க."

"அங்க எதுக்குட்டி? உன் விஷயம் அங்க எல்லாருக்கும் எதுக்கு?"

"என் விஷயத்தச் சொல்ல வேண்டாம்" என்றாள். "உங்க விஷயத்தச் சொல்லுங்க. அன்னைக்கு எல்லாரும் கேக்கத்தான சொன்னிய?"

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா. அன்று அது எங்கே போனதென்று தெரியவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

மாமியார் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சந்துக்கு முதலில் திரும்புகிறவர் அவர்தான். சமையலுக்கு நேரமாகிறது என்று ஓடிவருகிறார் என்றே இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். வேதப் புத்தகப் பையை ஆணியில் மாட்டும்வரை காத்திருந்து, மருமகளிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். தசை, கிழிசல், நான் பார்க்காமல் விட்டது, இவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்பது.

நின்றபடியே கேட்டார். "அது அறுந்தாலா இப்படி ஆவுது?"

"ஆமா."

"தச்சா நின்னுருமா?"

"பெரும்பாலும்."

கட்டிலில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு முப்பத்தோரு வருசமா இருக்கு" என்றார். "இவ புருசன் பொறந்ததுல இருந்து. சர்ச்சுல வாசப்பக்கம் கடைசி பெஞ்சிலதான் உக்காருதேன். ஏன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. எல்லாத்துக்கும் இப்படித்தான் போலன்னு நானும் இருந்துட்டேன்."

மருமகள் அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. மாமியார் எழுந்து தேங்காய் துருவப் போனார். போகிற வழியில் என்னிடம், "நாளைக்கே கூட்டிட்டுப் போயிருங்க. மவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை வரிசையில் பன்னிரண்டு பேர். நான் ஆறாவது. அவள் டப்பாவோடு வந்தாள், என்னருகே வந்ததும் நின்றாள். நான் தொண்டையைச் செருமினேன். அந்த இடத்தில் செருமினால் தாழில்லாத அறை என்று நினைத்துக்கொள்வார்கள், ஒருவரும் திரும்பவில்லை. சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது.

"டாக்டர் போதும்னு சொல்லுத வரைக்கும் இவ முன்னாலதான் போவா. யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

"அது எப்படி?" என்றாள், முன்னால் நீல வாளியோடு நின்ற ஒருத்தி. "நாப்பது நாள் ரூலு நீங்க சொல்லுததுதான?"

"பிரசவத்துல என் வேல சரியில்ல. பாக்க வேண்டியதப் பாக்காம தச்சுட்டேன். இப்ப அவளுக்குத் திரும்ப ஆபரேஷன் பண்ணணும். தப்பு என் மேல. அன்னைக்கு நான் பேசினதும் தப்பு."

தாழில்லாத அறைக்குள் இருமிக்கொண்டிருந்தவள் இருமலை நிறுத்திவிட்டாள். பிறகு நீல வாளிக்காரி தன் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். அடுத்தவள் டப்பாவை எடுத்துக்கொண்டாள். என்னருகே நின்றிருந்தவள் முன்னால் நடந்து போனாள். அன்று ஓடவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த மாதம் எங்கள் சந்திலிருந்து பிரசவத்துக்கு வந்தவள் கட்டிலில் ஏறும் முன்பே, கேரளத்து சிஸ்டர் பார்க்கட்டும் என்றாள். அதற்கடுத்தவளும் அப்படியே. தையல் சிஸ்டர் என்ற பெயர் எப்போது போயிற்று என்று தெரியாமல் போயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு வந்து, பிரசவத்தின்போது யாரும் விரல் விட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். யார் அன்று டியூட்டி என்றார். பழகிய கேள்விதான். நான்தான் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "கூட வந்திருக்கிறீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார்.

ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை வரிசை அவளுக்கு விலகிக்கொண்டே இருந்தது. ஆபரேஷன் முடிந்து கஞ்சி, மலம் இளக மருந்து, கனமாக எதையும் தூக்காமல் இருப்பது, பிறகு தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. பயிற்சியை மாமியார்தான் மேற்பார்வை செய்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "பிடி, விடு" என்பார். அவர் முகத்தைப் பார்த்தால் கூடவே அவரும் செய்வது தெரிந்தது. நீங்களும் டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் சொன்னபோது, இனி என்ன, பழகிட்டு என்றுவிட்டார். மூன்றாவது செக்கப்புக்குத் துணைக்கு வருகிறேன் என்று கூடவே வந்தார். நான் மருந்து வாங்கப் போய்த் திரும்பியபோது டாக்டரிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

வேலையில் ஒன்று மாற்றினேன். ரிஜிஸ்டரில் அதற்கென்று கட்டம் கிடையாது. ஓரத்தில் சிவப்பு மையால், விரல் பரிசோதனை செய்யப்பட்டது என்று எழுதுகிறேன். எல்லாருக்கும். தெரிந்தவர்களுக்கு முதலில். கூச்சமா இருக்குக்கா என்பார்கள். எனக்கும்தான் என்று சொல்லிக்கொண்டே பார்த்துவிடுவேன். ரிஜிஸ்டரில் இப்போது மூன்றாம் டிகிரி முன்னைவிட அதிகம். மேலிருந்து கேட்டார்கள், உங்கள் ஆஸ்பத்திரியில் திடீரென்று ஏன் இத்தனை கிழிகிறது என்று. இன்சார்ஜ் சிஸ்டர் பதில் எழுதினார்: முன்பும் கிழிந்தது, இப்போது பார்க்கிறோம்.

ஆபரேஷன் ஆகி ஐந்தாம் மாதம் என்று நினைக்கிறேன். மழைக்காலம். வரிசை குடைகளோடு வளைந்து நின்றது. எனக்கு முன்னால் ஏழு பேர். அவள் வந்தாள். பழக்கத்தில் நீல வாளிக்காரி வாளியைத் தள்ளினாள், அடுத்தவளும் ஒதுங்கினாள். அவள் போகவில்லை.

"இல்லக்கா, நான் நிக்கேன்" என்றாள்.

நின்றாள். எனக்குப் பின்னால், என் டப்பாவை ஒட்டித் தன் டப்பாவை வைத்துவிட்டு, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு. நான் திரும்பிப் பார்க்காமல் இருக்க முயன்றேன். ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். அவள் பின்னால் இருந்தவளோடு பள்ளிக்கூட அட்மிஷன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். வரிசை இரண்டு டப்பா நகர்ந்தது. யாருடைய பிள்ளையோ முந்திப் போக, அவள் அதன் குடையை மடக்கிக் கொடுத்தாள்.

ஆறேகால் ஆகிவிட்டது. நான் மணி பார்ப்பதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

"சிஸ்டரக்காவ முன்னால விடுங்க" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னாள். "டியூட்டிக்கு நேரமாச்சுல்லா." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க போங்கக்கா. எனக்கு அவசரம் இல்ல" என்றாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வரிசையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் விலகினார்கள். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தேன். காலியாக இருந்தது தாழில்லாத அறைதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரும வேண்டியிருக்கவில்லை, அழுகைச் சத்தமே போதுமானதாக இருந்தது. வெளியே ஒருவரும் கதவைத் தள்ளவில்லை.